பழைய பைனரி உடையாமல் லைப்ரரியை வளர்க்க எந்த வழி?

சேலத்தில் சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் விவசாயிக்கு இரண்டு எண்கள் முக்கியம். எடைமேடை காட்டும் எடை ஒன்று, கிழங்கின் மாவுச்சத்தைச் சொல்லும் பாயிண்ட் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் விலை. எடைமேடை இண்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிளில் வரும் எண்ணை வாசித்து பில்லிங் புரோகிராமுக்குக் கொடுக்கும் ஒரு சின்ன சி லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். பெயர் லிப்தராசு. லைப்ரரி நம் கையில் இருக்கிறது. அதை லிங்க் பண்ணி (தன்னோடு இணைத்துக்கொண்டு) ஓடுகிற புரோகிராம்கள், அதாவது கம்பைல் ஆகி முடிந்த பைனரிகள், நம் கையில் இல்லை.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஆலையில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) ஓடும். ஓமலூரில் டெபியன் 12. ஏற்காட்டில் காப்பிப் பழம் எடை போடும் எஸ்டேட்டில் ஆல்மாலினக்ஸ் 8. அரசு மடிக்கணினியில் வந்த பாஸ் லினக்ஸிலேயே கணக்கு வைத்திருக்கும் வியாபாரியும் இருப்பார். பில்லிங் எழுதிக் கொடுத்த பையன் வேலை கிடைத்து பெங்களூரு போயிருப்பான். சோர்ஸ் எங்கே என்று ஆலை முதலாளிக்குத் தெரியாது. "மறுபடி கம்பைல் பண்ணிக்கோங்க" என்று நாம் சொன்னால் கேட்க அங்கே ஆள் இல்லை.

எந்த வழி நல்லது என்ற கேள்விக்கு நான் பதில் தேடுவது இந்த இடத்திலிருந்துதான். மறுபடி கம்பைல் செய்ய முடியாதவருக்கு எது குறைவான தொல்லை? லைப்ரரி எழுதுகிறவருக்கு வேலை கூடினால் கூடட்டும். அவரிடம் சோர்ஸும் கம்பைலரும் இருக்கின்றன.

எது உடைகிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்

முதல் பதிப்பில் தராசு_வாசி என்று ஒரு ஃபங்ஷன். கூப்பிடுகிறவர் கொடுக்கும் ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கட்டை) அது நிரப்பித் தரும். உள்ளே எடைக்கு ஒரு டபுள் (தசம எண்), எடை நிலையாக நின்றுவிட்டதா என்று சொல்ல ஒரு இண்ட் (முழு எண்). 64 பிட் இன்டெல் மெஷினில் இது 16 பைட். டபுளுக்கு 8, இண்டுக்கு 4, மிச்சம் 4 இடத்தை நிரப்பும் வெறும் பேடிங்.

இப்போது பாயிண்டையும் சேர்க்கச் சொல்கிறார்கள். கடைசியில் இன்னொரு டபுள் போட்டால் 24 பைட் ஆகிவிடும். பழைய பில்லிங் புரோகிராமுக்கு இது தெரியாது. அது ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் தற்காலிக நினைவிடத்தில்) 16 பைட் ஒதுக்கி முகவரியைக் கொடுக்கும். புது லைப்ரரி 24 பைட் எழுதும். பக்கத்து 8 பைட்டில் என்ன இருந்ததோ அது போயிற்று. ஃபங்ஷன் திரும்பிப் போக வேண்டிய முகவரி அங்கே இருந்திருந்தால் புரோகிராம் கிராஷ் ஆகும். அப்படி ஆனால் நல்லது, கண்ணுக்குத் தெரியும். விவசாயி வாங்கிய அட்வான்ஸ் தொகை அங்கே இருந்திருந்தால் பில் தப்பாக அச்சாகும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பாயிண்டை இண்டாகச் சேர்த்தால்? 64 பிட்டில் அது அந்த 4 பைட் பேடிங்கில் போய் உட்கார்ந்துவிடும், அளவு 16 தான். சோதித்துப் பார்த்தவர் சரி என்று அனுப்பிவிடுவார். 32 பிட் இன்டெல் லினக்ஸில் ஸ்ட்ரக்டுக்குள் டபுள் 4 பைட் எல்லையில் நிற்கும், பேடிங்கே கிடையாது. அங்கே பழைய ஸ்ட்ரக்ட் 12 பைட், புதியது 16. பழைய 32 பிட் பெட்டி வைத்திருக்கும் ஆலையில் மட்டும் பில் தப்பும். "தம்பி, நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்துச்சே" என்று போன் வரும்.

புரோகிராம் தொடங்கும்போது லைப்ரரியைத் தேடி இணைக்கும் டைனமிக் லிங்கர் இதில் எதையும் பிடிக்காது. அது பார்ப்பது பெயர்களை மட்டும். லைப்ரரியின் பெயர் இருக்கிறதா, ஃபங்ஷனின் பெயர் இருக்கிறதா, அவ்வளவுதான். ஸ்ட்ரக்டின் அளவோ ஆர்க்யுமென்ட்டின் வகையோ சி பைனரியின் சிம்பல் டேபிளில் (பெயர்ப் பட்டியலில்) பதிவதில்லை. ஆகவே பொருந்தாமையைப் பெயரில்தான் காட்டியாக வேண்டும். எந்தப் பெயரில் காட்டுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

எஸ்ஓநேமை மாற்றுவது

எல்லாருக்கும் தெரிந்த வழி இது. லைப்ரரி ஃபைலுக்குள்ளேயே லிப்தராசு.எஸ்ஓ.1 என்று எஸ்ஓநேம் எழுதியிருக்கும். லிங்க் பண்ணும்போது அந்தப் பெயர் பில்லிங் புரோகிராமுக்குள் பதிந்துவிடும். டிஸ்கில் இருக்கும் நிஜ ஃபைல் 1.4.2 ஆக இருக்கலாம். எல்டிகான்ஃபிக் கட்டளை ஓடும்போது .1 என்ற சிம்லிங்கை (வேறு ஃபைலைச் சுட்டும் பெயரை) அதன் பக்கம் திருப்பிவிடும். பொருந்தாத மாற்றம் வந்தால் எஸ்ஓநேமை .2 ஆக்கிவிடலாம். பழைய புரோகிராம் .1 ஐக் கேட்கும், புதியது .2 ஐக் கேட்கும். கேட்டது இல்லையென்றால் புரோகிராம் தொடங்கவே தொடங்காது. தப்பான பில்லைவிட இது எவ்வளவோ மேல்.

லைப்ரரியை பில்ட் பண்ண லிப்டூல் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரண்ட், ரிவிஷன், ஏஜ் என்ற மூன்று எண்களில் ரிலீஸ் நம்பரைப் போட்டுவிடாதீர்கள். லினக்ஸில் கரண்டிலிருந்து ஏஜைக் கழித்தால் வருவதுதான் எஸ்ஓநேமின் எண். புது ஃபங்ஷன் மட்டும் சேர்த்தால் இரண்டையும் ஒன்று கூட்டுங்கள், எஸ்ஓநேம் அப்படியே இருக்கும். பழையதை மாற்றினால் கரண்டைக் கூட்டி ஏஜை 0 ஆக்குங்கள்.

இந்த வழியின் முதல் சிக்கல், அது முழு லைப்ரரியையும் ஒரே வெட்டாக வெட்டுகிறது. நாற்பது ஃபங்ஷனில் ஒன்று மாறினாலும் மற்ற முப்பத்தொன்பதை மட்டும் கூப்பிடுகிற புரோகிராமுக்கும் புது லைப்ரரி கிடையாது. பழைய .1 ஐயும் கூடவே வைத்துப் பராமரிக்க வேண்டும். டெபியனில் எஸ்ஓநேமின் எண் பேக்கேஜ் பெயரிலேயே சேர்ந்து வரும். எண் மாறினால் அது வேறு பேக்கேஜ். அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் மறுபடி பில்ட் பண்ண வேண்டும். டிஸ்ட்ரோவின் ரெபாசிட்டரிக்குள் இருக்கும் சாஃப்ட்வேருக்கு அதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். ஆத்தூர் ஆலைக்கு இல்லை.

இரண்டாவது சிக்கலைப் பலரும் யோசிப்பதில்லை. பில்லிங் புரோகிராம் .2 ஐ லிங்க் பண்ணியிருக்கிறது, அது லோட் பண்ணும் ரிப்போர்ட் பிளகின் பழைய .1 ஐ லிங்க் பண்ணியிருக்கிறது என்று வையுங்கள். எஸ்ஓநேம் வேறு என்பதால் இரண்டு லைப்ரரியும் ஒரே பிராசஸுக்குள் வந்துவிடும். பிளகின் தராசு_வாசி என்று கூப்பிடும்போது லிங்கர் வரிசையில் முதலில் இருக்கிற தராசு_வாசியைக் கொடுக்கும். அது .2 இல் உள்ளது. பழைய ஸ்ட்ரக்டை வைத்துக்கொண்டு புது ஃபங்ஷனைக் கூப்பிட்டாகிவிட்டது. எஸ்ஓநேமை ஒழுங்காக மாற்றியும் அதே 8 பைட் தொல்லை. எஸ்ஓநேம் மட்டும் போதும் என்று சொல்வதை நான் ஏற்காததற்கு இதுதான் பெரிய காரணம்.

மூன்றாவது, எஸ்ஓநேமை லைப்ரரி எழுதியவர் மட்டும் முடிவு செய்வதில்லை. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 1.0 காலத்தில் டெபியன் பக்கம் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.0.0 என்று இருந்தது, ரெட்ஹேட் பக்கம் அதுவே லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.10. ஒரே சோர்ஸ், இரண்டு பெயர். ஒரு பக்கம் பில்ட் பண்ணிய பைனரி மறுபக்கம் தொடங்கவே தொடங்காது. 1.1 வந்தபின் பெயர் ஒன்றானது. ஆனால் உபுண்டு 22.04 இல் 1.1 ஐயே எடுத்துவிட்டு 3 ஐ மட்டும் வைத்தார்கள். 1.1 ஐக் கேட்கும் பைனரிகள் அன்றோடு நின்றன.

சிம்பலுக்கே வெர்ஷன் கொடுப்பது

சோலாரிஸ் என்ற யூனிக்ஸில் தொடங்கிய யோசனையை குனு லிங்கர் இன்னும் நீட்டி எடுத்துக்கொண்டது. இங்கே ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு வெர்ஷன் சீட்டு உண்டு. மேப் ஃபைல் ஒன்றில் தராசு_1.0 என்ற பிரிவுக்குக் கீழே அந்தப் பதிப்பின் ஃபங்ஷன்களையும், தராசு_1.1 க்குக் கீழே பிறகு சேர்த்தவற்றையும் எழுதி லிங்கருக்குக் கொடுக்க வேண்டும். வெளியே தெரியக் கூடாதவற்றை லோக்கல் என்று மறைத்துவிடலாம்.

இதன் பெரிய சாட்சி, பெரும்பாலான லினக்ஸ் டிஸ்ட்ரோக்களின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி. 1997 முதல் அதன் எஸ்ஓநேம் லிப்சி.எஸ்ஓ.6 தான், இன்றுவரை மாறவில்லை. 1999 இல் வந்த 2.1 இலிருந்து உள்ளே நடக்கும் எல்லா மாற்றத்தையும் சிம்பல் வெர்ஷன்கள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு நினைவிடத்திலிருந்து இன்னொன்றுக்கு காப்பி பண்ணும் மெம்காப்பி ஃபங்ஷனின் கதை நல்ல உதாரணம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் நினைவிடங்களுக்கு மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. பலர் பயன்படுத்தினார்கள், அதிர்ஷ்டத்தில் ஓடியது. வேகத்துக்காக மெம்காப்பி பின்னாலிருந்து காப்பி பண்ணத் தொடங்கியதும் அந்தப் புரோகிராம்கள் தடுமாறின. ஃப்ளாஷ் பிளேயரில் சத்தம் கெட்டுப்போனதும் இதனால்தான். 2011 இல் வந்த 2.14 இல் புது மெம்காப்பிக்கு ஜிலிப்சி_2.14 என்று சீட்டு கொடுத்து, பழைய பைனரிகள் கேட்கும் ஜிலிப்சி_2.2.5 மெம்காப்பியைப் பழைய பாதுகாப்பான நடத்தையோடு வைத்துவிட்டார்கள். தப்பு புரோகிராம் எழுதியவர்களுடையது. ஆனாலும் சுமையை லைப்ரரி ஏற்றது. எனக்கு இந்த மனப்பாங்கு பிடித்திருக்கிறது.

மேலே சொன்ன பிளகின் சிக்கலும் இதில் தீர்கிறது. பிளகின் கேட்பது தராசு_1.0 சீட்டுள்ள தராசு_வாசி, லிங்கர் அதையேதான் கொடுக்கும். இன்னொரு லாபம், சரிபார்ப்பு தொடக்கத்திலேயே நடப்பது. வெர்ஷன் இல்லாத லைப்ரரியில் ஒரு ஃபங்ஷன் காணாமல் போயிருந்தால், சோம்பல் பைண்டிங் (கூப்பிடும்போதுதான் தேடி இணைப்பது) உள்ள பைனரி அதைக் கூப்பிடும் நொடியில்தான் விழும். காலையில் நன்றாகத் தொடங்கிய பில்லிங், மத்தியானம் எடைமேடையில் லாரி நிற்கும்போது செத்துப்போகும். வெர்ஷன் இருந்தால், தேவையான சீட்டு இந்த லைப்ரரியில் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும். பேக்கேஜ் போடும் கட்டத்திலேயே பிடிக்கவும் வழி உண்டு. ரெட்ஹேட் பக்கப் பேக்கேஜ் முறையான ஆர்பிஎம் இந்தச் சீட்டுகளைத் தானாகவே படித்து, எஸ்ஓநேமோடு தராசு_1.1 உம் வேண்டும் என்று டிபெண்டென்சியில் எழுதிவிடும். சீட்டு இல்லாவிட்டால் ஆர்பிஎம்முக்கு எஸ்ஓநேம் மட்டுமே தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. ஆல்பைன் டிஸ்ட்ரோ ஜிலிப்சிக்குப் பதிலாகப் பயன்படுத்தும் மசல் சி லைப்ரரியின் லிங்கர் பழைய சீட்டைத் தேடிப் போகாது, டிஃபால்ட்டைத்தான் கொடுக்கும். டிஸ்ட்ரோக்கள் இங்கேயும் கை வைக்கலாம். உபுண்டு 18.04 வந்தபோது, இணையத்தில் தகவல் அனுப்பி வாங்கும் லிப்கர்ல் லைப்ரரியின் எஸ்ஓநேம் .4 ஆகவே இருந்தது, சீட்டின் பெயர் மட்டும் கர்ல்_ஓபன்எஸ்எஸ்எல்_3 இலிருந்து 4 ஆனது. பழைய பைனரி 3 ஐக் கேட்டது, கிடைக்கவில்லை. இரண்டு பேக்கேஜும் ஒரே ஃபைல் பெயரைக் கொண்டிருந்ததால் சேர்த்து வைக்கவும் முடியவில்லை.

இன்னொரு கண்ணி கொஞ்சம் ஆழமானது. தராசு_வாசி என்ற ஒரே பெயருக்குப் பழைய சீட்டில் ஒன்று, புது டிஃபால்ட் சீட்டில் ஒன்று என இரண்டு வடிவம் வைக்கிறோம். முழுதாக லிங்க் ஆன பழைய பைனரி பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒருவரிடம் பழைய ஹெடரை (ஸ்ட்ரக்டின் வடிவம் எழுதிய ஃபைலை) வைத்துக் கம்பைல் பண்ணிய, இன்னும் லிங்க் ஆகாத .ஓ ஃபைல் மட்டும் இருந்து, அதைப் புது லைப்ரரியோடு மறுபடி லிங்க் பண்ணினால், லிங்கர் டிஃபால்ட்டான புது வடிவத்தைப் பதித்துவிடும். உள்ளே 16 பைட் கணக்கு, வெளியே 24 பைட் ஃபங்ஷன். எந்த எச்சரிக்கையும் வராது. சோர்ஸ் இல்லாமல் .ஓ ஃபைல்களை மட்டும் கைமாற்றும் பழக்கம் சின்ன ஊர் புராஜெக்ட்களில் உண்டு. ஆகவே ஸ்ட்ரக்டின் வடிவம் மாறும் இடத்தில் ஒரே பெயருக்கு இரண்டு சீட்டு வேண்டாம் என்பது என் கட்சி. தராசு_வாசி2 என்று புதுப் பெயரே வையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் யாருடைய பில்லும் தப்பாது. ஆல்பைனிலும் அது வேலை செய்யும்.

எல்லாவற்றையும் உள்ளே அடைப்பது

லைப்ரரியைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்து ஸ்டாட்டிக்காக லிங்க் பண்ணு, எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டும் ஆப்இமேஜ் போடு, ஃப்ளாட்பேக் போடு என்று சொல்கிறவர்கள் ஒரு முழு ஆப்பை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். பில்லிங் புரோகிராமே நம்முடையது என்றால் அது நியாயமான யோசனை. இங்கே நாம் கொடுப்பது மற்றவர்கள் லிங்க் பண்ணும் லைப்ரரி. கண்டெய்னருக்குள் அதை வைத்தால் வெளியே இருக்கும் பில்லிங்குக்கு அது எட்டாது. சீரியல் போர்ட்டைத் தொட ஃப்ளாட்பேக்கிடமும் ஸ்னாப்பிடமும் தனி அனுமதி வேறு வாங்க வேண்டும்.

ஸ்டாட்டிக்கில் ஜிலிப்சியே முரண்டு பிடிக்கும். ஹோஸ்ட் பெயரைத் தேடும் ஃபங்ஷன்கள் ஓடும் நேரத்தில் அதே வெர்ஷன் ஷேர்டு ஜிலிப்சியைக் கேட்கும் என்று லிங்கரே எச்சரிக்கும். 2014 இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது, ஓபன்எஸ்எஸ்எல்லை உள்ளே அடைத்துக்கொண்ட புரோகிராம்களுக்கு டிஸ்ட்ரோவின் அப்டேட் எட்டவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும் அடைப்பதற்கு ஒரு சின்ன இடம் உண்டு. லிப்தராசு தன் உள்வேலைக்கு யூஎஸ்பி லைப்ரரி போன்ற எதையாவது பயன்படுத்தினால், அதைப் பக்கத்திலேயே வைத்து டாலர் ஆரிஜின் ரன்பாத் (இந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரை வைத்துத் தேடு என்ற குறிப்பு) மூலம் எடுக்கலாம். பைத்தானின் பேக்கேஜ் கருவியான ஆடிட்வீல் இதைத்தான் செய்கிறது. அடைத்த லைப்ரரியின் பெயரோடு ஒரு ஹாஷையும் ஒட்டிவிடுவதால் சிஸ்டத்தில் இருப்பதோடு எஸ்ஓநேம் மோதாது. எதை அடைத்தாலும் ஜிலிப்சியை மட்டும் அடைக்காதீர்கள்.

ஜிலிப்சி என்ற தரை

நம் லைப்ரரிக்கு எவ்வளவு அழகாக வெர்ஷன் போட்டாலும் அதை எந்த மெஷினில் பில்ட் பண்ணினோம் என்பது தனிக் கேள்வி. ஜிலிப்சி பழைய பைனரியைத் தாங்கும், புதிய பைனரியைப் பழைய ஜிலிப்சி தாங்காது. உபுண்டு 22.04 இல் ஜிலிப்சி 2.35. அங்கே உட்கார்ந்து சீரியல் போர்ட்டை வாசிக்க ஒரு த்ரெட் உருவாக்கினால், பிதிரெட்_கிரியேட்டுக்கு ஜிலிப்சி_2.34 சீட்டு பதிந்துவிடும். 2021 இல் வந்த 2.34 இல் த்ரெட் லைப்ரரியை லிப்சிக்குள்ளேயே சேர்த்ததன் விளைவு இது. ஆத்தூர் ஆலையின் உபுண்டு 20.04 இல் இருப்பது 2.31. லோட் ஆகாது.

24.04 இல் இன்னும் நுணுக்கம். எடைமேடை எண்ணை எழுத்துகளாக அனுப்பும், நாம் எஸ்ஸ்கேன்எஃப் போட்டு எண்ணாக்குவோம். குனு_சோர்ஸ் மேக்ரோ இருந்தால் ஹெடர் அதை சி23 வடிவத்துக்குத் திருப்பிவிடும், அதற்கு ஜிலிப்சி 2.38 வேண்டும். நாம் ஒரு வரிகூட மாற்றியிருக்க மாட்டோம். சிலர் அசெம்பிளர் வரி போட்டு ஒவ்வொரு சிம்பலையும் பழைய சீட்டுக்குக் கட்டிவைப்பார்கள். ஒன்றிரண்டுக்குச் சரி, அதையே முறையாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஹெடர் புதியதாகவும் ஃபங்ஷன் பழையதாகவும் இருந்தால் எங்கே பொருந்தாமல் போகும் என்று கண்டுபிடிப்பது கடினம்.

பழைய டிஸ்ட்ரோவில் பில்ட் பண்ணுவதே நேர்வழி. பல டிஸ்ட்ரோவிலும் ஓடும் பேக்கேஜுக்கான மெனிலினக்ஸ் என்ற விதியில் பைத்தான் உலகம் செய்ததும் இதுதான். மெனிலினக்ஸ்2014 என்ற பதிப்பு சென்ட்ஓஎஸ் 7 இன் 2.17 ஐத் தரையாக (குறைந்தபட்ச வெர்ஷனாக) வைத்தது, பிறகு ஆல்மாலினக்ஸ் 8 இன் 2.28 வந்தது. நம் பட்டியலில் 2.28 ஐத் தரையாக வைத்தால் ஏற்காடு எஸ்டேட், ஆத்தூரின் 2.31, ஓமலூர் டெபியன் 12 இன் 2.36 எல்லாமே மேலே இருக்கின்றன. பழைய பாஸ் லினக்ஸ் மட்டும் எந்த டெபியனிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்துக் கீழே போகலாம். எல்டிடி வெர்ஷன் கட்டளை போட்டுப் பார்த்து, குறைவாக இருந்தால் அந்த மெஷினிலேயே தனியாக பில்ட் பண்ணிக் கொடுப்பதுதான் வழி. எல்லா டிஸ்ட்ரோவுக்கும் ஒரே தரை என்று லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் முயன்றது. 2015 இல் 5.0 வெளிவந்த அதே ஆண்டில் டெபியன் அதை விட்டுவிட்டது. தரையை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பேன்

லிப்தராசுக்கு என் முடிவு சிம்பல் வெர்ஷன். எஸ்ஓநேம் .1 ஆகவே நிற்கட்டும். முதல் ரிலீஸிலேயே மேப் ஃபைல் இருக்கட்டும், அதில் ஒரே ஒரு தராசு_1.0 பிரிவு இருந்தாலும் சரி. ஏற்கெனவே சீட்டில்லாமல் ரிலீஸ் பண்ணிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். பிறகு சேர்த்தாலும் சீட்டில்லாத பழைய பைனரிகளுக்கு லிங்கர் முதல் பிரிவின் சிம்பலைத்தான் கொடுக்கும். எதிர்த்திசையில் போகாதீர்கள். கொடுத்த சீட்டைப் பிடுங்கினால் வெர்ஷன் தகவல் இல்லை என்று ஒவ்வொரு தொடக்கத்திலும் எச்சரிக்கை வரும், பாதுகாப்பும் போய்விடும்.

ஸ்ட்ரக்டைப் பப்ளிக் ஹெடரில் காட்டுவதை நிறுத்த வேண்டும். கூப்பிடுகிறவர் கையில் ஒரு பாயிண்டர் (நினைவிட முகவரி) மட்டும் இருக்கட்டும். எடையைக் கேட்க ஒரு ஃபங்ஷன், பாயிண்டைக் கேட்க இன்னொன்று. உள்ளே எத்தனை பைட் வளர்ந்தாலும் வெளியே தெரியாது. அப்போது ஒவ்வொரு வளர்ச்சியும் புதிதாக ஒரு பெயரைச் சேர்ப்பதாகவே இருக்கும், தராசு_1.1, 1.2 என்று பிரிவுகள் கீழே நீளும். ஏற்கெனவே வெளியே போய்விட்ட 16 பைட் ஸ்ட்ரக்டும் பழைய தராசு_வாசியும் அப்படியே தொடரட்டும், உள்ளே புது கோடைக் கூப்பிட்டு முதல் இரண்டு எண்களை மட்டும் நிரப்பித் தரட்டும். ஒரே பெயருக்கு இரண்டு சீட்டு என்ற வித்தையை மெம்காப்பி போல, வடிவம் மாறாமல் நடத்தை மட்டும் மாறும் இடத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

எஸ்ஓநேமை .2 ஆக்கும் நாளும் வரலாம், உதாரணமாகப் பழைய ஃபங்ஷன்களில் பாதுகாப்பு ஓட்டை இருந்து அவற்றை வைத்திருப்பதே ஆபத்து என்றால். அன்றும் சீட்டின் பெயரை தராசு_2.0 என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிளகின் சிக்கல் திரும்பி வரும்.

லைப்ரரி டிஸ்ட்ரோவின் ரெபாசிட்டரிக்குள் மட்டுமே வாழப்போகிறது, பயன்படுத்துகிற எல்லாரும் சோர்ஸோடு அங்கேயே இருக்கிறார்கள் என்றால் எஸ்ஓநேம் பக்கம் நான் சாய்வேன். வேலை குறைவு, மறுபடி பில்ட் பண்ண ஆளும் இருக்கிறார்கள். சி++ லைப்ரரி என்றால் மேலே சி முகப்பு ஒன்று வைத்து, அதற்கு மட்டும் வெர்ஷன் போடுவேன்.

ரிலீஸுக்கு முன்னால், லிப்அபிகெயில் தொகுப்பில் உள்ள அபிடிஃப் என்ற கருவி ஓடட்டும். போன ரிலீஸின் .எஸ்ஓவையும் இந்த ரிலீஸின் .எஸ்ஓவையும் டிபக் தகவலோடு கொடுத்தால், எந்த ஸ்ட்ரக்ட் எத்தனை பிட் வளர்ந்தது, எந்த ஃபங்ஷன் காணவில்லை என்று சொல்லிவிடும். 32 பிட் வாடிக்கையாளர் ஒருவராவது இருக்கும்வரை 32 பிட் பில்டுக்கும் தனியாக ஓட்ட வேண்டும், 12 பைட் 16 ஆன கதையை 64 பிட் அறிக்கை காட்டாது. அதோடு பைனரியின் உள்தகவலைக் காட்டும் ரீட்எல்ஃப் வைத்து ஜிலிப்சி சீட்டுகளில் பெரியது எது என்று பார்த்து, 2.28 ஐத் தாண்டினால் பில்டை நிறுத்திவிடும்படி ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள். இவை இரண்டும் பச்சையானால்தான் பென் டிரைவ் ஏற்காடு மலை ஏறலாம்.